இரண்டாவது பட்டமாக நர்ஸ் படிப்பு

பிளஸ் டூ பரீட்சை முடிவுகள் வெளியாகும் மாதத்தில் பள்ளிக்கூட உபாத்தியாயர்களுக்கு ஜோஸியர்களுக்குரிய மதிப்பு தானாகவே ஏற்பட்டு விடுகிறது. மற்ற மாதங்களில் தெருவில் நம்மைக் கண்டும் காணாமல் போகிறவர்கள் கூட, அந்த மாதத்தில் மார்க்குப் பட்டியலைக் கையில் ஏந்திக் கொண்டு, "இந்த மார்க்குக்கு எது கிடைக்கும், ஸார்?" என்று வாசலில் வந்து நிற்கிறார்கள். இது பழைய வழக்கம். சென்ற சில வருஷங்களாக இன்னொரு கூட்டமும் வரத் தொடங்கியிருக்கிறது. இவர்கள் பிளஸ் டூ முடித்து வந்தவர்கள் அல்லர், பட்டமே பெற்றவர்கள். பட்டாபிராம் இந்துக் கல்லூரியிலோ, ஆவடியைச் சுற்றியுள்ள வேறு கல்லூரிகளிலோ மூன்று வருஷம் படித்து, பி.காம். என்றும் பி.எஸ்ஸி. என்றும் பெயருக்குப் பின்னால் போட்டுக் கொண்டு, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கணக்கு எழுதியும், டெலிபோனில் யாரோ ஒருவருடைய கடன் பாக்கியை நினைவூட்டியும் காலம் தள்ளுகிறவர்கள். அவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றே: "இனிமேல் நான் நர்ஸ் ஆக முடியுமா? எத்தனை வருஷம் ஆகும்?"

முத்தாபுதுப்பேட்டை என்றால் நேயர்களில் பலருக்கு விமானப்படை நிலையத்தின் ஞாபகமே வரும். ராணுவ உத்தியோகமும் தொழிற்சாலை உத்தியோகமும் நிறைந்த ஊர்களுக்கு நடுவில் இருப்பதால், நிலையான சம்பளம் என்பதன் அருமையை இங்குள்ள குடும்பங்கள் நன்கு அறிந்திருக்கின்றன. ஆகவே இக்கேள்வி வெறும் ஆசையினால் எழுவதன்று. கொரோனா நோய் பரவிய 2020, 2021-ஆம் வருஷங்களில் தகப்பனாரையோ பாட்டியையோ ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, வெளியே காத்துக் கிடந்தவர்கள் இவர்களில் சிலர். உள்ளே நடமாடிய நர்ஸைப் பார்த்து, "இதுவல்லவோ வேலை!" என்று அப்போது தோன்றியது பிறகு மறையவில்லை என்கிறார்கள். அவர்களுக்குச் சரியான விடை சொல்ல வேண்டியது நம் கடமையாகிறது.

விடை, தேசத்துக்குத் தேசம் வேறுபடுகிறது. அமெரிக்காவில் ஏதேனும் ஒரு பாடத்தில் பட்டம் பெற்றவர், பதினொரு மாதம் முதல் பதினெட்டு மாதத்துக்குள் நர்ஸ் பட்டம் பெற்று, அரசாங்கப் பரீட்சைக்கு உட்கார்ந்து விடலாம். இதற்குத் துரிதப் படிப்பு என்று பெயர். நம் நாட்டிலோ, முதல் வகுப்பில் தேறிய விலங்கியல் பட்டதாரியும் பி.எஸ்ஸி. நர்ஸிங் படிப்பில் முதல் வருஷத்து முதல் நாள் வகுப்பில்தான் போய் உட்கார வேண்டும். முன்னே படித்த மூன்று வருஷங்கள் கணக்கில் இல்லை. ஏழு வருஷம் கல்லூரியில் கழித்த பிறகே அந்தப் பெண் நர்ஸ் ஆகிறாள்.

அமெரிக்கர்கள் இவ்வழியை வகுப்பறையில் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. யுத்தம் கற்றுக் கொடுத்தது. 1918-ஆம் வருஷக் கோடையில், முதல் உலக யுத்தத்தில் நர்ஸ்கள் போதாமல் தவித்தபோது, நியூயார்க் மாகாணத்திலுள்ள வாஸர் கலாசாலையில் ஒரு பயிற்சி முகாம் நடத்தினார்கள். ஏற்கெனவே பட்டம் பெற்றிருந்த நானூறுக்கு மேற்பட்ட பெண்கள் அதில் சேர்ந்தார்கள். புத்தகப் பாடங்களை மூன்றே மாதத்தில் முடித்துவிட்டு, அவர்களை ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பினார்கள். படிக்கத் தெரிந்தவளுக்குப் பாடத்தை மெதுவாகச் சொல்ல வேண்டியதில்லை என்பதே அதன் தத்துவம். யுத்தம் முடிந்த பின்பும் அந்த எண்ணம் முழுவதும் மடிந்து போகவில்லை. 1971-இல் ஸெயின்ட் லூயிஸ் சர்வகலாசாலை பட்டதாரிகளுக்கென்றே முதல் துரித நர்ஸ் படிப்பைத் தொடங்கிற்று. இன்று அத்தேசத்தில் அநேகமாக எல்லா மாகாணங்களிலும் அது இருக்கிறது. இங்கிலாந்தில், நர்ஸ் ஆவதற்கு 4,600 மணி நேரப் படிப்பும் பயிற்சியும் வேண்டும் என்று விதி உண்டு. பட்டதாரிகளுக்கு முன்படிப்பில் ஒரு பகுதியைக் கழித்துக் கொண்டு, இரண்டே வருஷத்தில் முடித்துத் தருகிறார்கள்.

நம் தேசம் இந்தத் துறையில் பின்தங்கிப் பிறந்ததல்ல. சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் 1871-ஆம் வருஷமே பயிற்சி தொடங்கிவிட்டது. நர்ஸ்களையும் மருத்துவச்சிகளையும் பதிவு செய்வதற்கான சென்னை மாகாணச் சட்டம் 1926-இல் வந்தது. 1946-இல் டில்லியிலும் வேலூரிலும் நர்ஸிங் பட்டப் படிப்பு ஆரம்பமாயிற்று. அதே 1946-இல் வெளியான போர் கமிட்டியின் அறிக்கை, தேசத்தில் சுமார் 43,000 ஜனங்களுக்கு ஒரு நர்ஸ் வீதமே இருப்பதாகக் கணக்கிட்டுச் சொல்லிற்று. மறு வருஷம் இந்திய நர்ஸிங் கவுன்ஸில் சட்டம் பிறந்தது. இவ்வளவு முன்னதாகப் புறப்பட்ட வண்டி, பட்டதாரிகளுக்கு மட்டும் ஒரு நிறுத்தம் வைக்க மறந்து விட்டது.

இதில் நமக்கு விந்தையாகத் தோன்றுவது ஒன்று. நாம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பதே இரண்டாவது பட்டத்தினால்தான். பி.எட். என்பது பட்டதாரிகளுக்கென்று ஏற்பட்ட படிப்பு. பட்டம் பெற்றவர் மூன்று வருஷத்தில் வக்கீலாகலாம். பிளஸ் டூவில் கணிதம் படித்த பி.எஸ்ஸி. பட்டதாரி, தமிழ்நாட்டில் எஞ்சினீரிங் படிப்பின் இரண்டாம் வருஷத்திலேயே நேராகச் சேரலாம். குழந்தைகளுக்குப் பாடம் சொல்லவும், கோர்ட்டில் வாதாடவும், பாலம் கட்டவும் முதல் பட்டம் உதவும். நோயாளிக்குப் பணிவிடை செய்ய மட்டும் உதவாது என்பது எந்தத் தர்க்கத்தில் சேர்ந்தது?

விதிகளைச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறோம். பி.எஸ்ஸி. நர்ஸிங் நான்கு வருஷம். பிளஸ் டூவில் பௌதிகம், ரசாயனம், உயிரியல், ஆங்கிலம் ஆகியவற்றைப் படித்து, பொதுப் பிரிவினர் 45 சதவீதமாவது பெற்றிருக்க வேண்டும். தமிழ்நாட்டில் பிளஸ் டூ மார்க்கின் வரிசைப்படியே இடம் கிடைக்கிறது. கல்லூரியில் வாங்கிய தங்கப் பதக்கத்துக்கு அங்கே மதிப்பில்லை. பதினேழு வயதில் உயிரியலை விட்டுக் கம்ப்யூட்டர் பாடம் எடுத்தவருக்கும், வணிகவியல் எடுத்தவருக்கும் இந்தக் கதவு அடைபட்டது. அவர்களுக்கு எஞ்சியிருப்பது ஜி.என்.எம். என்னும் மூன்று வருஷ டிப்ளமோ. அகில இந்திய விதிப்படி அதற்கு ஆங்கிலத்துடன் பிளஸ் டூவில் 40 சதவீதம் போதும். விஞ்ஞானப் பாடம் படித்தவர்களுக்கு முன்னுரிமை. வயது 35-ஐத் தாண்டக் கூடாது. அதை முடித்துப் பதிவு செய்து கொண்டவர், மேலும் இரண்டு வருஷம் படித்துப் பட்டமும் பெறலாம்.

'மூன்று வருஷமா, நான்கு வருஷமா!' என்று மலைத்து நிற்பவர்களின் கண்ணில்தான் அந்தப் பலகைகள் படுகின்றன. ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகும் சாலையிலும், அம்பத்தூர்ப் பக்கத்துச் சந்துகளிலும் அவை தொங்குகின்றன. 'ஒரே வருஷத்தில் நர்ஸ். நூற்றுக்கு நூறு வேலை' என்று எழுதி, வெள்ளைத் தொப்பி அணிந்த ஒரு பெண்ணின் படத்தையும் போட்டிருக்கிறார்கள். நமது தேசத்தில் துரித நர்ஸ் படிப்பு என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான். இதைப் படித்தவர் நர்ஸ் அல்ல. இந்த அத்தாட்சிப் பத்திரத்தைக் கொண்டு போனால் தமிழ்நாடு நர்ஸ்கள் மருத்துவச்சிகள் கவுன்ஸிலில் பெயர் பதிய மாட்டார்கள். பதிவில்லாமல் சர்க்கார் ஆஸ்பத்திரியில் வேலை இல்லை. வெளிதேசத்தில் நுழையவும் வழியில்லை.

நம்மிடம் பத்தாம் வகுப்பில் படித்த ஒரு பெண், பி.காம். தேறியவள், இத்தகைய ஓரிடத்தில் தாயாரின் சங்கிலியை அடகு வைத்துப் பணம் கட்டிச் சேர்ந்தாள். ஒரு வருஷத்தில் அவள் கற்றுக் கொண்டது இரத்த அழுத்தம் பார்ப்பதும் படுக்கை விரிப்பு மாற்றுவதுமே. பிறகு ஒரு சிறு ஆஸ்பத்திரியில் இரவு வேலை கிடைத்தது. அங்கே நோயாளிகள் அவளை 'சிஸ்டர்' என்று அழைத்தார்கள். சம்பளப் புத்தகத்தில் 'உதவியாள்' என்று எழுதியிருந்தார்கள். எந்த ஊசி மருந்தை எவ்வளவு கொடுப்பது என்று சொல்லித் தராமலே அவள் கையில் ஊசியைக் கொடுத்தார்கள். "பயமாயிருக்கிறது, ஸார். யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால் நான் என்ன பதில் சொல்வது?" என்றாள். அந்தப் பயம் அவளுக்கு இருந்ததே, நல்ல நர்ஸ் ஆகக் கூடியவள் அவள் என்பதற்கு அடையாளம் என்று நமக்குத் தோன்றிற்று. பணத்தைத் திரும்பக் கேட்டதற்குக் கிடைத்த மரியாதையை இங்கே எழுத வேண்டாம்.

சற்றுக் கையில் பணமுள்ளவர்கள், அமெரிக்காவுக்கே மனுப் போட்டு விடலாமே என்கிறார்கள். போடலாம், ஆனால் கண்ணைத் திறந்து கொண்டு போட வேண்டும். முதலாவது, நமது மூன்று வருஷப் பட்டத்தைச் சில சர்வகலாசாலைகள் தங்கள் நான்கு வருஷப் பட்டத்துக்குச் சமமாக ஏற்கின்றன, சில ஏற்பதில்லை. மனுச் செய்வதற்கு முன்பே, பட்டத்தை மதிப்பிடும் நிறுவனம் ஒன்றின் சான்றை வாங்கி, அந்தந்தக் கலாசாலைக்கு எழுதிக் கேட்டுக் கொள்வது நலம். இரண்டாவது, துரிதப் படிப்பு துரிதமாக இருப்பதற்குக் காரணமே, சில பாடங்களை முன்கூட்டியே முடித்து வரச் சொல்வதுதான். உடற்கூறு, உடலியக்கம், நுண்ணுயிரியல், ரசாயனம், புள்ளியியல், மனோதத்துவம், ஆகார சாஸ்திரம் ஆகியவை பெரும்பாலும் அந்தப் பட்டியலில் இருக்கும். அவற்றுள் முதல் சிலவற்றைச் சோதனைச்சாலைப் பயிற்சியுடன் படித்திருக்க வேண்டும். படித்துப் பல வருஷம் ஆகியிருந்தால் செல்லாது என்று தள்ளுகிற கலாசாலைகளும் உண்டு. பி.காம். பட்டதாரிக்கு இந்த முன்பாடங்களே ஒரு வருஷத்தை விழுங்கிவிடும். பதினொரு மாதம் என்று விளம்பரத்தில் போடுகிறவர்கள் இந்த வருஷத்தைச் சொல்வதில்லை.

மூன்றாவது, பணம். பல கலாசாலைகளில் சம்பளம் மட்டுமே 50,000 டாலருக்கு மேல் ஆகிறது. படிப்பின் வேகத்தில், நடுவே வேலை பார்த்துச் சம்பாதிக்க நேரமிராது. நான்காவது விஷயத்தைத்தான் ஏஜெண்டுகள் வாய்க்குள்ளேயே வைத்துக் கொள்கிறார்கள். படிப்பு முடிந்தபின் மாணவர் விஸாவில் ஒரு வருஷம் வேலை செய்ய அநுமதி உண்டு. அதன் பிறகு, கம்ப்யூட்டர்காரர்களுக்குக் கிடைக்கும் வேலை விஸா சாதாரண வார்டு நர்ஸுக்குக் கிடைப்பது அரிது. நிரந்தர வாசத்துக்கான வரிசையிலோ, இந்தியாவில் பிறந்தவர்கள் பத்து வருஷத்துக்கு மேல் காத்து நிற்கிறார்கள். வீட்டை அடகு வைத்துப் போகிற ஒருவருக்கு இது சின்ன விஷயமல்ல.

இங்கே ஒரு வார்த்தை, சிபாரிசுக் கடிதங்களைப் பற்றி. இந்த மனுக்களுடன் உபாத்தியாயரின் கடிதமும், 'நான் ஏன் நர்ஸ் ஆக விரும்புகிறேன்' என்ற சொந்தக் கட்டுரையும் அனுப்ப வேண்டும். வருகிற கட்டுரைகளில் முக்கால்வாசி, 'சிறு வயது முதலே துன்புறுவோரைக் கண்டால் என் உள்ளம் உருகும்' என்று தொடங்குகின்றன. அவர்கள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அடித்த லூட்டியெல்லாம் நமக்கு நினைவிருக்கிறது! உள்ளம் உருகியதை விட்டுவிட்டு, நோயாய்க் கிடந்த பாட்டனாரை இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைத்ததை எழுது என்று சொல்லி அனுப்புகிறோம். படுக்கைப் புண் வராமல் பார்த்துக் கொண்டவள் என்ற ஒரு வரி, கருணையைப் பற்றிய ஒரு பக்கத்தைவிட அதிகம் பேசும்.

ஜெர்மனியின் வழி வேறு. அங்கே 2020 முதல் நர்ஸ் பயிற்சி முழுவதும் ஒரே மூன்று வருஷப் படிப்பாக அமைந்திருக்கிறது. துரிதம் இல்லை, ஆனால் பயிலும் காலத்திலேயே மாதம் ஆயிரம் யூரோவுக்கு மேல் உதவித் தொகை தருகிறார்கள். அதற்கு ஜெர்மன் பாஷை தெரிய வேண்டும். தெரிந்த மாதிரி நடித்தால் போதாது. சென்னையில் மாக்ஸ் முல்லர் பவனில் ஒரு வருஷத்துக்குக் குறையாமல் உழைக்கத் தயாராயிருப்பவர்கள் இதை யோசிக்கலாம். தமிழ்நாடு சர்க்காரின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இருந்து வருகிறது. தனியார் ஏஜெண்டிடம் போவதற்கு முன் அங்கே ஒரு முறை விசாரிப்பதால் நஷ்டமில்லை.

சரி, நம் தேசத்திலேயே பட்டதாரிகளுக்கு ஒரு குறுகிய வழி வேண்டுமா? வேண்டும் என்பதே நமது அபிப்பிராயம். ஆனால் அமெரிக்காவைப் போல் பதினொரு மாதம் என்று நாம் சொல்ல மாட்டோம். 2021-இல் திருத்திய பி.எஸ்ஸி. நர்ஸிங் பாடத் திட்டத்தின் முதல் வருஷத்தைப் பார்த்தால், ஆங்கிலம், உடற்கூறு, உடலியக்கம், சமூகவியல், மனோதத்துவம், உயிர்-ரசாயனம், ஆகார சாஸ்திரம் என்று வரிசையாக இருக்கின்றன. விலங்கியலும் உயிர்-ரசாயனமும் நுண்ணுயிரியலும் படித்து வந்தவருக்கு இதில் பாதியாவது தெரிந்த பாடம். ஒரு பரீட்சை வைத்து, தெரிந்ததைக் கழித்து விட்டு, அவர்களை இரண்டரை அல்லது மூன்று வருஷத்தில் அனுப்பலாம். குறைக்கக் கூடாதது ஆஸ்பத்திரிப் பயிற்சி. சுவாசக் கருவியில் கிடக்கும் நோயாளியின் அருகே இரவு முழுவதும் நிற்கும் பழக்கத்தை எந்தப் பட்டமும் தந்து விடாது.

மகாத்மா காந்தி பாரிஸ்டர் பட்டம் பெற்றபின், டர்பனில் டாக்டர் பூத் என்பவரின் மேற்பார்வையில் இருந்த ஒரு சிறு தரும ஆஸ்பத்திரியில் காலை வேளையில் ஓரிரண்டு மணி நேரம் மருந்து கலந்து கொடுத்து வேலை கற்றார். போயர் யுத்தத்தின்போது 1899-இல் சுமார் 1,100 இந்தியர்களைக் கொண்ட வைத்திய உதவிப் படை அமைந்த சமயம் அந்த அநுபவம் உதவியதாகத் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். வக்கீல் வேலை பார்த்துக் கொண்டே நோயாளியின் பக்கத்தில் நின்ற அவருக்கு, பட்டம் இடையூறாக இருக்கவில்லை.

இந்த யோசனைக்கு எதிராகச் சொல்லப்படுவதில் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. அது படிப்பைப் பற்றியதன்று, கூலியைப் பற்றியது. 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் பரீட்சையில் தேறிய நர்ஸ்கள், ஒப்பந்த முறையில் மாதம் 7,700 ரூபாய்க்கு அமர்த்தப்பட்டார்கள். 2017 நவம்பரில் அவர்களில் ஆயிரக்கணக்கானோர் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். தொகை பின்னர் 14,000 ஆகவும் 18,000 ஆகவும் உயர்ந்தது. தனியார் ஆஸ்பத்திரிகளைப் பற்றி, சுப்ரீம் கோர்ட்டின் உத்தரவின்பேரில் அமைந்த கமிட்டி 2016-இல் சொன்னது என்ன? ஐம்பது படுக்கைக்குக் குறைந்த ஆஸ்பத்திரியும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் தர வேண்டும். 200 படுக்கைக்கு மேற்பட்டவை சர்க்கார் நர்ஸுக்குச் சமமாகத் தர வேண்டும் என்பது. நம் புறநகரில் இச்சிபாரிசைப் படித்துப் பார்த்த முதலாளிகள் எத்தனை பேர் என்பதை நேயர்கள் ஊகித்துக் கொள்ளலாம். நர்ஸ் படித்தவர்களே கூலி போதாமல் கப்பலேறும்போது, மேலும் ஆயிரம் பேரைத் துரிதமாகத் தயாரித்தால், கூலி இன்னும் இறங்குவதற்குத்தான் உதவும் என்கிறார்கள் அனுபவமுள்ள நர்ஸ்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வழியைத் திறப்பதும் கூலியை உயர்த்துவதும் சேர்ந்தே நடக்க வேண்டிய காரியங்கள். ஒன்றை மட்டும் செய்வதாயிருந்தால், இரண்டாவதை முதலில் செய்யட்டும்.

2023-இல் பார்லிமெண்டு தேசிய நர்ஸிங், மருத்துவச்சிக் கமிஷன் சட்டத்தை நிறைவேற்றியிருக்கிறது. 1947-ஆம் வருஷத்துச் சட்டத்தின் இடத்தில் வருவது இது. மாணவர்களைச் சேர்க்கும் முறையை ஒழுங்கு செய்வதும் அதன் காரியங்களில் ஒன்று. பட்டதாரிகளின் விஷயத்தை அதன்முன் வைக்க வேண்டியவர்கள் கல்லூரிகளும் நர்ஸ் சங்கங்களும்.

அதுவரை காத்திருக்க முடியாதவர்களுக்கு: பிளஸ் டூவில் உயிரியல் படித்தவர்கள், பெற்ற பட்டத்தை மறந்து விட்டு, மார்க்குப் பட்டியலைத் தேடி எடுங்கள். சர்க்காரின் சேர்க்கை அறிவிப்பு பிளஸ் டூ முடிவுகளை ஒட்டி வரும். அவ்வருஷத்து விளக்கக் கையேட்டில் வயது வரம்பை முதலில் பாருங்கள். உயிரியல் படிக்காதவர்கள் ஜி.என்.எம். படிப்பை விசாரியுங்கள். எந்த ஸ்தாபனத்தில் பணம் கட்டினாலும், அதற்கு முன் அதன் பெயர் இந்திய நர்ஸிங் கவுன்ஸிலின் பட்டியலிலும் தமிழ்நாடு கவுன்ஸிலின் பட்டியலிலும் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். ஆபீஸில் உட்கார்ந்திருப்பவர் காட்டும் காகிதத்தைப் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம். இங்கே முறையாகப் படித்துப் பதிவு பெற்றவர், அமெரிக்க லைஸென்ஸ் பரீட்சையை நம் நாட்டிலேயே எழுதலாம்.

சங்கிலியை அடகு வைத்த பெண்ணுக்கு வயது இருபத்தாறு. ஜி.என்.எம். மனுவில் நாம் கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் போட்டுக் கொடுத்தாயிற்று. மூன்று வருஷ விடுதிச் செலவுக்கு இன்னும் ஏற்பாடு ஆகவில்லை.